வீட்டுப் படிப்புக்கு விளையாட்டு ஆப்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் எது ஓடும், எது ஓடாது

பிளே ஸ்டோரில் குழந்தைகளுக்கான கற்றல் விளையாட்டு என்று தேடினால் பட்டியல் முடியாமல் இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் நாலு நட்சத்திரத்துக்கு மேல். நட்சத்திரம் போட்டவர் வீட்டில் வைஃபை இருந்திருக்கும், பிள்ளைக்கென்று தனி டேப்லெட் இருந்திருக்கும். பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் நிறைய வீடுகளின் நிலவரம் வேறு. ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்று. அதுவும் அப்பாவோடு ஓசூர் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விட்டு ராத்திரிதான் வீடு திரும்பும். தினசரி டேட்டா ஒன்றரை ஜிபி, அதில் பாதி ரீல்ஸுக்கே போயிருக்கும். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம் என்றால் டவர் பிடிக்க மேட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

அதனால் இந்த மதிப்புரையில் முதல் கேள்வி, நெட் இல்லாமல் ஓடுமா என்பதுதான். அடுத்தது, 2 ஜிபி ரேம் உள்ள பழைய போனிலோ வீட்டில் தூங்கும் அரசு லேப்டாப்பிலோ திறக்குமா. விளம்பரமும் ‘இதை வாங்கு’ பட்டனும் நடுவில் வராமல் இருக்குமா என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் தேறியவற்றுக்குத்தான் நான்காவது கேள்வி: விளையாட்டின் ஆட்டத்திலேயே பாடம் இருக்கிறதா, இல்லை, வாசலில் நிற்கிறதா?

இந்த நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல ஆப்களில் கணக்கு என்பது கிருஷ்ணகிரி டோல்கேட் மாதிரி. ஒரு பெருக்கல் கட்டினால் கேட் திறக்கும். அதன்பின் ஐந்து நிமிடம் குதிரைக்கு முடி சீவலாம், மந்திரக்கோல் வாங்கலாம், டிராகனுக்குத் தொப்பி போடலாம். பிள்ளைக்குப் பிடித்தது டிராகன். கணக்கு வழியில் வந்த செலவு. நல்ல விளையாட்டில் காய் நகர்த்துவதே கணக்காக இருக்கும், தப்பாக யோசித்தால் தராசு சாயும், பல்பு எரியாது. எதையும் இறக்கி முடித்ததும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை எத்தனை கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னது என்று விரல் விட்டு எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் ஐந்தாறு கேள்விதான் என்றால் அது படிப்பு ஆப் கிடையாது. சும்மா விளையாட விடுவதென்றால் அதற்கென்று எடுத்த விளையாட்டுகள் இதைவிட நன்றாகவே இருக்கின்றன.

ரீட் அலாங்: தமிழ் வாசிப்புக்கு முதலிடம்

கூகுள் இதை 2019 மார்ச்சில் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டது. இந்தி, ஆங்கிலத்தோடு தொடங்கி, பிறகு தமிழும் தெலுங்கும் சேர்ந்தன. 2020-ல் ரீட் அலாங் ஆனது. இலவசம், விளம்பரம் கிடையாது. கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். பிள்ளையின் குரலைப் போனே கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறது. ஒரே போனில் அக்காவுக்கும் தம்பிக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது நம் வீடுகளுக்கு ரொம்பவே பொருந்தும்.

வேலை செய்யும் விதம் எளிது. கதையைத் தேர்ந்தெடுத்து மைக்கைத் தொட்டு உரக்கப் படிக்க வேண்டும். படித்த சொல் நிறம் மாறும். தடுக்கினால் அந்தச் சொல்லைத் தொட்டால் போதும், ‘தியா’ என்ற பெண் அதை வாசித்துக் காட்டுவாள். நடுநடுவே சொல் விளையாட்டுகள், நட்சத்திரங்கள். ஆறு முதல் ஒன்பது வயதுக்குள், எழுத்தெல்லாம் தெரியும் ஆனால் வரியாகப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இலவசத் தமிழ் ஆப் சொல்வது கஷ்டம்.

கோளாறு வரும் இடங்களும் உண்டு. முதலாவது சத்தம். டிவி சீரியலும் மிக்ஸியும் ஓடும் நேரத்தில் மைக் எதையாவது பிடித்துக்கொண்டு சரியாகப் படித்ததையும் தப்பென்று காட்டும், பிள்ளை வெறுத்துப்போகும். மைக் உள்ள ஒயர் ஹெட்போன் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இரண்டாவது, உச்சரிப்பு. ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று படித்தாலும் ஆப் பெரும்பாலும் தலையாட்டிவிடும். ல, ள, ழ வேறுபாட்டுக்கும் ர, ற வேறுபாட்டுக்கும் குரலறியும் மென்பொருளை நம்பாதீர்கள். அதற்கு வீட்டில் ஒரு காது வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. ஒரே கதையை இரண்டு மூன்று முறை படித்த பிள்ளை, படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கும். நட்சத்திரம் குவியும், வாசிப்பு வளராது. சந்தேகம் வந்தால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். இரட்டைக்கொம்பு ஒற்றைக்கொம்பு ஆவதும், கால் காணாமல் போவதும் அங்கேதான் தெரியும்.

‘ப… ட்… ட… ம்’ என்று எழுத்துக்கூட்டி இழுக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இது இன்னும் ஆகாது. ஆப் முழுச்சொல்லை எதிர்பார்க்கிறது. துண்டுத் துண்டாக வந்தால் ஏற்காமல் நிற்கும். அரசுப் பள்ளியில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்களே, அதில் அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு உயிர்மெய் அட்டைகளே போதும். மொட்டுக்கு வந்தபின் இந்த ஆப்பைக் கொடுக்கலாம். என்ன வகுப்பு என்று பார்த்துக் கொடுக்காமல், என்ன நிலை என்று பார்த்துக் கொடுப்பது எல்லா ஆப்களுக்குமே பொருந்தும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் அதிகம். தெலுங்கு வீடுகளில் இரண்டு மொழியையும் ஒரே ஆப்பில் மாற்றி மாற்றிப் படிக்கலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் கலக்க வேண்டாம். எழுத்து வடிவம் புதிதாகப் பழகும் கட்டத்தில் குழப்பம்தான் மிஞ்சும்.

ஜீகாம்ப்ரிஸ்: அரசு லேப்டாப்புக்கு மறுவாழ்வு

அண்ணனுக்கோ அக்காவுக்கோ பிளஸ் டூவில் கொடுத்த லேப்டாப் பல வீடுகளில் பீரோ மேலே கிடக்கும். அந்தத் திட்டம் 2011-ல் தொடங்கியது. ஆரம்பகால மாடல்களுக்கு இன்று வயது நிறைய. பேட்டரி போயிருக்கும், ஆனால் சார்ஜர் செருகினால் ஓடும். யூடியூப் திறக்கவே மூச்சுத் திணறும் அந்த லேப்டாப்பில் ஜீகாம்ப்ரிஸ் பொதுவாக ஓடிவிடும்.

இது 2000-ம் ஆண்டிலிருந்து வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள். இப்போது கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் பராமரிக்கிறார்கள். 2 முதல் 10 வயது வரைக்குமான நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் ஒரே தொகுப்பில் கிடைக்கும். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் இலவசம். லேப்டாப்பில் இறக்குவதற்கு ஒரு யோசனை: அன்றைய டேட்டாவில் மிச்சம் இருப்பது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீணாகத்தான் போகும், அதற்கு முன் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கிவிடுங்கள். முதன்முதலில் திறக்கும்போது குரல் கோப்புகளைத் தனியாக இறக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லி அதையும் முடித்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு, நெட்டை அணைத்தபிறகு ‘சத்தமே வரவில்லை’ என்று தேடுவார்கள்.

திறந்தவுடன் மெனுவைப் பார்த்தால் தலைசுற்றும். செட்டிங்ஸில் கடினநிலை வடிகட்டி இருக்கிறது. ஒன்றிலிருந்து ஆறு நட்சத்திரம் வரை பிரித்திருப்பார்கள். பிள்ளைக்கு ஏற்ற இரண்டை மட்டும் விட்டு மற்றதை மறைத்துவிடலாம். இதைச் செய்யாவிட்டால் பிள்ளை ஒவ்வொன்றையும் அரை நிமிடம் தொட்டுத் தொட்டுத் தாவும், எதுவும் பதியாது.

இதில் உள்ள தராசு விளையாட்டுக்காகவே இறக்கலாம். ஒரு தட்டில் ஒரு பொருள் இருக்கும், எடைக்கல்லை இழுத்துப்போட்டுச் சமன் செய்ய வேண்டும். முதலில் வெறும் கூட்டல். மேலே போனால் இரண்டு தட்டிலும் கல் வைக்கலாம். 10-ம் 3-ம் இருக்கிறது, பொருள் 7. அப்படியென்றால் 3-ஐப் பொருள் இருக்கும் தட்டில் வைக்க வேண்டும் என்று பிள்ளை கண்டுபிடிக்கும் இடம் பார்க்க நன்றாக இருக்கும். கழித்தலும் பின்னால் வரப்போகும் சமன்பாடும் அங்கேயே தொடங்கிவிட்டன. கிலோ, கிராமுக்கு ஒரு தராசு உண்டு, அதைக் கொடுங்கள். பவுண்டு, அவுன்ஸுக்கு இன்னொன்று இருக்கிறது, அது நமக்கெதற்கு. பணம் கொடுத்துப் பொருள் வாங்கும் விளையாட்டில் யூரோ நோட்டுகள்தான் வரும். அதை மூடிவிட்டு வீட்டுச் சில்லறையைத் தரையில் கொட்டி, மாம்பழம் கிலோ என்ன விலை, அரைக் கிலோவுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று விளையாடுவது நூறு மடங்கு மேல்.

கடிகார முள்ளை இழுத்து நேரம் வைப்பது, நீர்ச்சுழற்சி, கால்வாயில் மதகைத் திறந்து படகை ஏற்றுவது எல்லாம் நன்றாகவே இருக்கும். ‘ஒவாரே’ என்று ஓர் ஆப்பிரிக்க ஆட்டமும் உண்டு. பக்கத்துக்கு ஆறு குழி, குழிக்கு நான்கு விதை. பாட்டி வீட்டில் பல்லாங்குழி இருந்தால் பிள்ளைக்கு விதி சொல்லித்தர வேண்டியதே இல்லை. நம்முடையதில் பக்கத்துக்கு ஏழு குழி என்பதும் விதையை எடுக்கும் முறையும்தான் மாறும்.

குறை சொல்வதென்றால், உருவம் பழசு. பளபளப்பான மொபைல் கேம் பழகிய பத்து வயதுப் பையன் இதை ‘குட்டிப் பசங்க கேம்’ என்று ஒதுக்கிவிடுவான். ஏழெட்டு வயதுக்குள் அறிமுகப்படுத்தினால்தான் ஒட்டும். மெனுவில் ஆங்கிலம் வரும் இடங்களும் உண்டு, முதல் வாரம் பக்கத்தில் இருந்து காட்டித்தர வேண்டியிருக்கும்.

வாய்ப்பாட்டுக்கு டக்ஸ் மேத்

இதுவும் இலவசம், லேப்டாப்புக்கு, நெட் தேவையில்லை. மேலிருந்து எரிகல் விழுகிறது, அதன்மேல் 7 × 8 என்று எழுதியிருக்கிறது. 56 அடித்து என்டர் தட்டினால் கல் சிதறும். தட்டாவிட்டால் கீழே இருக்கும் பனிவீட்டில் விழுந்து உருக்கும், பென்குயின் வீட்டை விட்டுக் கிளம்பும். அவ்வளவுதான் விளையாட்டு. இதில் தொப்பியும் கிடையாது, கடையும் கிடையாது. பத்து நிமிடத்தில் டஜன் கணக்கில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கூட்டலில் தொடங்கிப் பெருக்கல், வகுத்தல், மிகை குறை எண்கள் வரை பயிற்சிகள் படிப்படியாக இருக்கின்றன. ஒருநாளைக்கு ஒரு பயிற்சி போதும். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு ஒட்டுமொத்தப் பெருக்கலையும் திறந்துவிட்டால், தெரிந்த இரண்டும் ஐந்தும் வந்துகொண்டே இருக்கும், தெரியாதது நடுவில் ஒளிந்துகொள்ளும்.

பெற்றோர் கவனிக்காமல் விடும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைக்கு விடை தெரியும், ஆனால் 5 எங்கே 6 எங்கே என்று கீபோர்டில் தேடுவதற்குள் கல் விழுந்துவிடும். பிள்ளைக்கு வாய்ப்பாடு வரவில்லை என்று நாம் முடிவு கட்டுவோம், உண்மையில் வராதது டைப்பிங். சோதிப்பது சுலபம்: விடையை வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் தட்டுங்கள். அப்போது தப்பித்துவிட்டால் குறை விரலில்தான். முதல் சில நாட்கள் எளிய கூட்டலில் விளையாடவிட்டு எண் பட்டன்களைப் பழக்கிவிடுங்கள். எண் பட்டன்கள் வலப்புறம் தனியாக உள்ள யூஎஸ்பி கீபோர்டு ஒன்று கிடைத்தால் இன்னும் வசதி.

இன்னொன்று, வேகம். மெதுவாக யோசிக்கும் பிள்ளைகளுக்கு விழும் கல் பதற்றம் தரும். அழும் நிலைக்குப் போனால் நிறுத்திவிடுங்கள். வாய்ப்பாடு புரியாத பிள்ளைக்கு இது கற்றுத்தராது, புரிந்ததை வேகமாக்க மட்டுமே உதவும். ஆட்டம் முடிந்ததும், தவறவிட்ட நான்கு கேள்விகளை மட்டும் பிள்ளை கையால் நோட்டில் எழுதச் செய்து, மறுநாள் லேப்டாப் திறக்கும் முன் அந்த நான்கையும் கேளுங்கள். விளையாட்டைவிட இந்த நோட்டுதான் வேலை செய்யும்.

பெரிய பிள்ளைகளுக்கு: பெட் (PhET) மாதிரிகள்

நாய்க்குட்டியை நினைக்க வேண்டாம். இது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டத்தின் பெயர். அறிவியல், கணக்குப் பாடங்களுக்கான ஊடாடும் மாதிரிகள். இலவசம், கணக்குத் திறக்க வேண்டியதில்லை, சில மாதிரிகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பிள்ளை இருந்தால் இதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

ஆறாம் வகுப்பு அறிவியலில் மின்னியல் பாடம் வருகிறது. நிறையப் பள்ளிகளில் கரும்பலகைப் படத்தோடு முடிந்துவிடும். இதில் உள்ள மின்சுற்று மாதிரியைத் திறந்தால் மின்கலம், ஒயர், பல்பு, சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் இருக்கும், இழுத்து இணைக்க வேண்டும். 9 வோல்ட் மின்கலத்தோடு 10 ஓம் பல்பு ஒன்றைச் சேர்த்து அம்மீட்டர் வைத்தால் 0.9 ஆம்பியர் காட்டும். தொடரிணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் 0.45 ஆகிவிடும், இரண்டும் மங்கும். பக்க இணைப்பில் மாற்றினால் இரண்டும் முழு வெளிச்சத்தில் எரியும், மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் 1.8 ஆகும். வீட்டு லைட்டுகள் ஏன் பக்க இணைப்பில் இருக்கின்றன என்பதற்கு இதன்பிறகு யாரும் பதில் சொல்லித்தர வேண்டாம். மின்கலத்தின் இரு முனையையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீ எரியும். பிள்ளைகள் முதலில் செய்வது இதைத்தான், செய்யட்டும். நிஜ பிளக் பாயின்ட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதை மட்டும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பின்னம் தடுக்கும் பிள்ளைக்குப் பின்ன அறிமுக மாதிரி. பகுதி எண் 8 என்றால் 4-ஐவிடப் பெரியது, ஆகவே எட்டில் ஒன்று கால்பங்கைவிடப் பெரியது என்று நினைப்பது மிகப் பொதுவான பிழை. இங்கே பகுதியை ஏற்ற ஏற்றத் துண்டு கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே போகும். வட்டம், செவ்வகம், குடுவை, எண்கோடு, கேக் என்று ஒரே பின்னத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எண்கோட்டை மறக்காமல் காட்டுங்கள். வட்டத்தில் மட்டும் பழகிய பிள்ளை, பின்னமும் ஓர் எண்தான் என்பதைப் பிடிக்காது.

ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளும் வழி: ஒவ்வொரு மாதிரியின் பக்கத்திலும் டவுன்லோடு பட்டன் உண்டு, ஒற்றை ஹெச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாகவே அனுப்பலாம். வாங்கியவர்கள் ‘வெள்ளையாக வருகிறது’ என்று சொல்வார்கள். காரணம், சில ஆண்ட்ராய்டு போன்களில் அது ‘ஹெச்டிஎம்எல் வியூவர்’ என்ற சின்ன ஆப்பில் திறக்கிறது. மாதிரியை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதில் ஓடாது. ஃபைல்ஸ் ஆப்பில் கோப்பைக் கண்டுபிடித்து, ‘ஓப்பன் வித்’ கொடுத்து குரோமைத் தேர்ந்தெடுத்தால் திறந்துவிடும். போனின் சின்னத் திரையில் ஒயரை முனையோடு சேர்ப்பது கடினம், லேப்டாப்பே நல்லது.

ஒரு எச்சரிக்கை. சும்மா கொடுத்தால் பிள்ளை பத்து நிமிடம் எதையாவது இழுத்துப்போட்டு மூடிவிடும். ஒரு கேள்வியோடு கொடுங்கள்: ‘மூன்று பல்பு, ஒரு சுவிட்ச், சுவிட்சை அணைத்தால் ஒன்று மட்டும் அணைய வேண்டும், எப்படி?’ முதலில் தாளில் படம் போட்டுவிட்டு அப்புறம் திரையில் சோதிக்கட்டும்.

மற்றவை, சுருக்கமாக

கான் அகாடமி கிட்ஸ் 2 முதல் 8 வயதுக்கு. இலவசம், விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. தரம் உண்மையிலேயே உயர்வு. ஆனால் முழுக்க ஆங்கிலம், அதுவும் அமெரிக்க உச்சரிப்பு. கடைசி எழுத்தைப் பள்ளியில் ‘இஸட்’ என்பார்கள், ஆப் ‘ஸீ’ என்னும். பெரிய விஷயமில்லை, ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். விளையாட விளையாட உள்ளடக்கம் இறங்கிக்கொண்டே இருப்பதால் மெமரி நிறையும், டேட்டாவும் போகும். நெட் இல்லாமல் திறப்பது ஒரு பகுதி மட்டும்தான். ஆங்கில வழிப் பிள்ளை, வீட்டில் வைஃபை, இந்த இரண்டும் இருந்தால் தயங்காமல் இறக்கலாம்.

ஸ்கிராட்ச் ஜூனியர் 5 முதல் 7 வயதுக்கான நிரலாக்க விளையாட்டு. எழுத்தே தெரியாவிட்டாலும் படத்துண்டுகளை அடுக்கிப் பூனையை நடக்க வைக்கலாம். டேப்லெட்டுக்கென்று செய்தது, 7 அங்குலத்துக்குக் குறைவான போனுக்குச் சரிப்படாது. அதற்கு மேல் வயதென்றால் எம்ஐடியின் ஸ்கிராட்ச். லேப்டாப்பில் ஆஃப்லைனாக நிறுவிக்கொள்ளலாம். சதுரங்கத்துக்கு லிசெஸ். முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை, காய் நகர்த்தலை நட்சத்திரம் கொடுத்துப் பழக்கும் பகுதி நன்றாக இருக்கும்.

அரசின் மணற்கேணி ஆப்பும், பாடநூலின் கியூஆர் குறியீட்டில் திறக்கும் திக்‌ஷாவும் விளையாட்டுகள் இல்லை. பாடக் காணொளிகளுக்கும் பயிற்சி வினாக்களுக்கும் நல்லவை. தமிழ்வழிப் பிள்ளைக்குத் தன் பாடநூலின் சொல்லிலேயே விளக்கம் கிடைக்கும் இடம் இதுதான், அதற்காகப் போனில் ஓரிடம் கொடுக்கலாம்.

பலூன் வெடிக்கும், ஏ ஃபார் ஆப்பிள் சொல்லும், இலவசம் என்று போட்டிருக்கும் எண்ணற்ற ஆப்களைப் பற்றித் தனித்தனியாக எழுத ஒன்றுமில்லை. இரண்டு ஆட்டத்துக்கொரு முறை விளம்பரம், அதை மூடும் பெருக்கல் குறி வேண்டுமென்றே கடுகளவு. குழந்தை விரல் எங்கே படும் என்று அவர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே பிள்ளை அதில் பழகிவிட்டது, விடமாட்டேன் என்கிறது என்றால் ஏரோபிளேன் மோடு போட்டுக் கொடுங்கள். பல ஆப்களில் விளம்பரம் நின்றுவிடும். நெட் இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆப்பை அன்றே நீக்கிவிடலாம்.

போனைக் கையில் கொடுக்கும் முன்

ஜிபேயும் போன்பேயும் உள்ள அதே போன்தான் பிள்ளை கைக்கும் போகிறது. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் ‘ஆப் பின்னிங்’ என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். வெளியேறும்போது கடவுக்குறி கேட்கும் தேர்வையும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு விளையாட்டைத் திறந்து, சமீபத்திய ஆப்கள் பட்டியலில் அதன் சின்னத்தைத் தொட்டு ‘பின்’ கொடுத்தால், பிள்ளையால் அந்த ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸில் போனால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அனுமதி கேட்கும் தேர்வு இருக்கிறது. அதையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

நேரம் என்று பார்த்தால், 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அந்த ஒரு மணியில் கார்ட்டூனும் சேர்த்திதான். கற்றல் விளையாட்டுக்கு ஒரு தடவைக்கு இருபது நிமிடம் தாராளம். அதற்குமேல் பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு, பட்டனைத் தட்டித் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். தப்பு விடைகள் திடீரென்று வேகமாக வருவது அதற்கு அடையாளம்.

சந்தா ஆப்கள் பற்றிக் கடைசியாக. ஓசூரிலும் தருமபுரி டவுனிலும் வீட்டுக்கே வந்து டெமோ காட்டி, பிள்ளைக்கு ஒரு ‘திறன் தேர்வு’ வைத்து, மார்க் குறைவு என்று அம்மா அப்பாவைக் கலங்க வைத்து, டேப்லெட்டோடு ஆண்டுச் சந்தாவைத் தலையில் கட்டும் வியாபாரம் ஒன்று உண்டு. கையில் ரொக்கம் இல்லை என்றால் ‘மாதத் தவணைதானே’ என்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவது பல நேரம் அந்தக் கம்பெனியின் படிவத்தில் இருக்காது, ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். ஆப் பிடிக்கவில்லை என்று நிறுத்தினாலும் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும். ஓடிபி சொல்லும் முன் கேட்க வேண்டியவை: கடன் கொடுப்பது யார், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், அதை எழுத்தில் தருவீர்களா. எழுத்தில் தர மறுத்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஏழு நாள் இலவசம் என்று தொடங்கும் ஆப்களிலும் இதே கதையின் சின்ன வடிவம்தான். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் போய் ரத்து செய்ய வேண்டும்; யூபிஐ வழியாகக் கொடுத்திருந்தால் ஜிபே, போன்பேயில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து அந்த அனுமதியையும் நீக்க வேண்டும். பணம் போய்விட்டது, கம்பெனி பதில் சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடும் முன் பணம் போன குறுஞ்செய்தி, ரத்து கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், டெமோவுக்கு வந்தவர் வாட்ஸ்அப்பில் சொன்ன வாக்குறுதிகளின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.